பைலட் நேர்காணலுக்கு எதை உடுத்துவது: சூட்டா, பிளேசரா, யூனிபார்மா?

விமான நிறுவனத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது. தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. உடையைப் பற்றி மட்டும் ‘பிஸினஸ் உடையில் வரவும்’ என்று ஒரு வரி. சில அழைப்புகளில் அந்த வரியும் இருக்காது. லைசென்ஸ், மருத்துவச் சான்று, லாக்புக்கில் உள்ள பறந்த நேரக் கூட்டுத்தொகை என்று எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்தவர்களும் திகைத்து நிற்பது இங்கேதான். முழு சூட் போட்டால் மிகையாகத் தெரியுமா? சட்டையும் டையும் போதுமா? ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் பறக்கிறவர் அந்த யூனிபார்மிலேயே போகலாமா? பெண் விமானிகளுக்கு ஸ்கர்ட்டா, பேண்ட்டா? அன்றைக்கே சிமுலேட்டரில், அதாவது விமானி அறையைப் போலவே அமைத்த பயிற்சி இயந்திரத்தில், தேர்வும் இருந்தால் என்ன செய்வது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமானது கருநீலத்திலோ அடர் சாம்பலிலோ அளவாகத் தைத்த ஒரு சூட். ஆனால் எல்லோருக்கும் எல்லா நாளுக்கும் அதுவேதான் என்று சொல்ல மாட்டேன். வேறொன்று மேலாக அமையும் சந்தர்ப்பங்கள் உண்டு. சூட்டுக்கே சில மறைமுகச் செலவுகளும் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண். பைலட் நேர்காணல் குழுவில் பொதுவாக மனிதவளத் துறையைச் சேர்ந்தவரும் அனுபவமுள்ள கேப்டனும் இருப்பார்கள். கேள்விகள் வேறுவேறாக இருந்தாலும் இருவர் மனதிலும் ஓடுவது ஒன்றுதான்: நாளை நம் யூனிபார்மில் இவர் பயணிகள் நடுவே நடந்துபோனால் எப்படி இருக்கும்? விமானியின் உடைக்கும் பயணியின் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் பறக்கும் படகுகளின் (நீரில் இறங்கி ஏறும் விமானங்களின்) விமானிகளுக்குக் கடற்படை அதிகாரிகளின் சாயலில் உடை கொடுத்தது. கடலைத் தாண்டிப் பறக்கத் தயங்கிய பயணிகளுக்கு அந்த உடை ஒரு தெம்பைத் தந்தது. இன்றைய தோள்பட்டைக் கோடுகளும் கருநிறக் கோட்டும் அந்த வழியில் வந்தவைதான். உடை விதிகளோடு சேர்ந்தே வரும் வேலை இது. அந்த விதிகளை இவர் மதித்து நடப்பாரா என்பதற்கு நேர்காணலுக்கு வந்த கோலமே முதல் சான்றாகிவிடுகிறது.

இரண்டாவது, அழைப்பில் எழுதியிருப்பது. இது மற்ற எல்லாவற்றையும் விட மேலானது. எழுதியிருப்பதைப் படித்து அப்படியே செய்வதுதான் விமானியின் அன்றாடம். ‘சாதாரண உடை போதும்’ என்று எழுதியிருக்கும் இடத்துக்கு மூன்று துண்டு சூட்டில் போய் நிற்பதும் தவறுதான்.

மூன்றாவது, நாள் முழுக்கத் தாங்குமா என்பது. காலையில் ஆவணச் சரிபார்ப்பு, பிறகு கணினியில் திறன் தேர்வு, குழுப் பயிற்சி, நேர்காணல், சில இடங்களில் சிமுலேட்டர் என்று எட்டு மணி நேரம்கூடப் போகும். காலை எட்டு மணிக்கு மிடுக்காக இருந்த உடை மதியம் மூன்றுக்குக் கசங்கித் தொங்கினால் பயனில்லை. கேப்டன் உங்களைப் பார்ப்பது அந்த மூன்று மணிக்காக இருக்கலாம்.

நான்காவது, பயணம். பைலட் வேலைக்கு வருகிறவர்களில் பலர் வேறு ஊரிலிருந்து, பல சமயம் வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். ஐந்தாவது, மொத்தச் செலவு. கடைச் சீட்டில் இருக்கும் தொகை மட்டும் கணக்கல்ல. அளவு திருத்துவது, ஷூ, சலவை, தைக்க ஆகும் நாட்கள் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. கடைசியாக, மறுபடியும் பயன்படுமா என்பது. பலரும் ஒரே நிறுவனத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை, ஒரே நிறுவனத்திலும் இரண்டு மூன்று சுற்றுகள் இருக்கும்.

## அடர்நிற சூட்

கோட்டும் பேண்ட்டும் ஒரே துணியில், ஒற்றை வரிசைப் பொத்தான், உள்ளே வெள்ளை அல்லது மிக வெளிறிய நீல முழுக்கைச் சட்டை, அடக்கமான டை. இதில் யாரும் குறை காண முடியாது. அதுதான் இதன் பெரிய பலம். குழு உங்கள் உடையை ஒரு நொடி பார்த்துவிட்டு உங்கள் பேச்சுக்கு வந்துவிடும்.

நிறத்தில் மூன்று வாய்ப்புகள். கருநீலம் எல்லாத் தோல் நிறத்துக்கும் ஒத்துப்போகும், பகல் வெளிச்சத்திலும் விளக்கிலும் நன்றாகத் தெரியும், விமானி உடையின் நிறத்துக்கும் பக்கத்தில் நிற்கும். அடர் சாம்பல் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. யூனிபார்ம் போட்டதுபோல் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்கு இதுவே நல்லது. கருப்பு மூன்றாவதுதான். வெயில் வெளிச்சத்தில் கருப்பு சற்றுக் கடுமையாகத் தெரியும், தூசியும் நூலும் ஒட்டினால் காட்டிக்கொடுக்கும், மலிவான துணி என்றால் முழங்கையில் சீக்கிரம் பளபளப்பு ஏறும். ஏற்கெனவே நல்ல கருப்பு சூட் இருக்கிறதா? சரி, அதையே போடுங்கள். அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். புதிதாக வாங்குவதானால் கருநீலம் அல்லது சாம்பல்.

கருநீலத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரட்டை வரிசைப் பொத்தான் வேண்டாம், தங்க நிறப் பொத்தான் கட்டாயம் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் கோடு மட்டும் இல்லாத கேப்டன் கோட்டாகவே ஆகிவிடும். இன்னும் கிடைக்காத பதவியின் சாயலில் போய் நிற்பது குழுவில் இருக்கும் உண்மையான கேப்டனுக்கு உறுத்தும்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், பிராண்டில் அல்ல, அளவில் என்பேன். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேண்ட்டின் கால் நீளத்தை ஏற்றலாம், இதெல்லாம் தையல்காரருக்குச் சுலபமான வேலை. தோளைத் திருத்துவது ஏறக்குறைய கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். அதனால் கடையில் முதலில் தோளைப் பாருங்கள். தோள் பொருந்தினால் மீதியைத் திருத்திக்கொள்ளலாம், பொருந்தாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். கோட்டின் கைக்கு வெளியே சட்டை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தெரிய வேண்டும். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்க வேண்டும்.

புது சூட்டில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறிபோல் தடித்த நூலால் ஒரு தையல் இருக்கும். கடைக்கு வரும் வழியில் மடிப்பு கலையாமலிருக்கப் போட்டது அது. வாங்கியவர் அதை வெட்டிவிட வேண்டும். கைப்பகுதியில் வெளியே தைத்திருக்கும் பிராண்ட் துண்டும் அப்படித்தான். பக்கப் பைகளும் தைத்து மூடியிருக்கலாம். அவற்றை அப்படியே விட்டுவைத்தால் கோட் தொங்காமல் வடிவாக நிற்கும். பின்பக்கத் தையலை வெட்டாமல் போனால், உட்காரும்போது கோட் பின்னால் இழுத்துப் பிடிக்கும், எழுந்து நடக்கும்போது அந்தப் பெருக்கல் குறி எல்லோருக்கும் தெரியும். இரண்டு பொத்தான் கோட்டில் மேல் பொத்தானை மட்டும் போடுவது வழக்கம். உட்காரும்போது அதையும் கழற்றிவிடலாம்.

துணியில் கம்பளி முதல் தேர்வு. கசங்கினாலும் இரவு முழுக்க நல்ல ஹேங்கரில் தொங்கவிட்டால் பெருமளவு தானாகவே சரியாகிவிடும். முழு பாலியெஸ்டர் விலை குறைவு, கசங்குவதும் குறைவு. ஆனால் வியர்வையை உள்ளேயே அடைத்து வைக்கும், விளக்கொளியில் மினுங்கும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் தழும்பு விழும். இரண்டும் கலந்த துணி நடுவழி, கையிருப்பு குறைவாக உள்ளவர்களுக்கு அது போதும். கம்பளித் துணியில் சூப்பர் 100, 120, 150 என்று எண்கள் போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற நூல் மெல்லியது, தொடுவதற்கு மென்மையானது, ஆனால் சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்திருக்க 100க்கும் 120க்கும் இடைப்பட்டதே தோது. அதிக எண், அதிக விலை, அதனால் இந்த வேலைக்கும் அதுவே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரெடிமேடா, தைத்ததா, இரவலா? ரெடிமேட் வாங்கி அளவு திருத்துவது பெரும்பாலானவர்களுக்குப் போதும். தைப்பது மேல்தான், ஆனால் அளவெடுப்பு, ஒருமுறை போட்டுப் பார்ப்பு, திருத்தம் என்று வாரக்கணக்கில் ஆகும். நேர்காணல் அழைப்போ சில சமயம் ஒரு வாரத்துக்குள் வரச் சொல்லும். தைப்பதாக இருந்தால் விண்ணப்பம் அனுப்பிய அன்றே தையல்காரரிடம் போய்விடுங்கள். அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நண்பரிடம் இரவல் வாங்குவதில் கேவலம் எதுவும் இல்லை, ஆனால் மேலே சொன்ன தோள் விதி அங்கேயும் உண்டு. உங்களுக்குப் பொருந்தாத விலையுயர்ந்த சூட்டைவிடப் பொருந்துகிற சாதாரண சூட் எவ்வளவோ மேல்.

## பிளேசரும் வேறு நிறப் பேண்ட்டும்

இதற்குச் சொல்லப்படும் நியாயம், கோட்டையும் பேண்ட்டையும் தனித்தனியாகப் பிற்பாடு பயன்படுத்தலாம் என்பது. உண்மைதான். நேர்காணல் முடிந்த பிறகும் அதிகம் பயன்படுவது இதுதான்.

ஆனால் நேர்காணலில் இது நூலிழை வித்தியாசத்தில் தடுமாறும். நிறச் சேர்க்கை சரியாக அமைந்தால் நன்றாக இருக்கும். கருநீல பிளேசர், நடுத்தரச் சாம்பல் பேண்ட், வெள்ளைச் சட்டை, டை என்றால் சூட்டுக்கு அடுத்த இடத்தில் வைக்கலாம். கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருந்து, ஆனால் ஒன்றாக இல்லாத இரண்டு கருநீலங்களைச் சேர்த்தால், சூட்டின் பேண்ட் தொலைந்துபோனதுபோல் தெரியும். காக்கி, வெளிர் நிறப் பேண்ட் என்றால் வாரக் கடைசி உடையாகிவிடும். பிளேசருக்கு உலோகப் பொத்தான்கள் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். முன்பு சொன்ன கேப்டன் கோட் சிக்கல் இங்கேயும் வரும்.

இது மேலாக அமையும் இடங்கள் இல்லாமல் இல்லை. சிறு விமானங்களை இயக்கும் நிறுவனம், பயிற்றுநர் வேலை, தனியார் விமானச் சேவை, பணியாளர் சேர்ப்பு முகாமில் நின்று பேசும் முதல் சந்திப்பு, ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று அழைப்பே சொல்லும் சுற்று ஆகியவற்றுக்கு பிளேசர் அருமையாகப் பொருந்தும். பெரிய விமான நிறுவனத்தின் இறுதி நேர்காணல் என்றால் சூட்டையே எடுங்கள்.

## கோட் இல்லாமல், சட்டையும் டையும்

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இது பரவலாக ஏற்கப்படுகிறது. வெள்ளைச் சட்டை, கருநிறப் பேண்ட், டை, இது கோட் கழற்றிய விமானி யூனிபார்மேதான். செலவும் குறைவு, மடித்து எடுத்துப்போவதும் எளிது.

குறை என்னவென்றால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. கோட் சட்டையின் சுருக்கத்தை மறைக்கும், வியர்வைக் கறையை மறைக்கும், உள்ளே செருகிய சட்டை சற்றே வெளியே வந்திருந்தால் அதையும் மறைக்கும். கோட் இல்லையென்றால் சட்டை குறையே இல்லாமல் இருக்க வேண்டும். அப்படியானால் கனமான பருத்தியில், உடம்போடு அளவாகப் பொருந்துகிற, கெட்டியான காலர் உள்ள சட்டையாக வாங்க வேண்டும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் செலவில் மிச்சமானதில் பாதி போய்விடும். காத்திருப்பு அறையில் மற்ற எல்லோரும் சூட்டில் இருந்தால் மனதுக்குள் ஏற்படும் சங்கடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்காணல் நாளில் அது சின்ன விஷயமில்லை.

என் பரிந்துரை: கோட்டை எடுத்துப்போங்கள். மற்றவர்கள் எல்லோரும் கோட் இல்லாமல் இருந்தால், குழுவும் ‘கழற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் கழற்றிவிடலாம். இல்லாத கோட்டை அங்கே போய்ப் போட்டுக்கொள்ள முடியாது.

## யூனிபார்மில் போகலாமா?

அதிகமாகக் குழப்பம் வருவது இதில்தான். ‘நான் விமானி, விமானி வேலைக்குத்தான் போகிறேன், என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உடையும் இதுதான்’ என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் யூனிபார்மில் இன்னொரு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தவிர்க்க வேண்டியது.

காரணம் ஒன்றல்ல. யூனிபார்மை எப்போது அணியலாம், எப்போது அணியக் கூடாது என்று விமான நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் எழுதி வைத்திருக்கும். பணி தொடர்பில்லாத இடங்களில் அணியக் கூடாது என்பது பரவலான விதி. வேறு நிறுவனத்தில் வேலை தேடுவது பணி தொடர்பானது அல்ல. எதிரே இருக்கும் கேப்டனுக்கு இது தெரியும். விதி தெரிந்தே மீறினாரா, தெரியாமலே மீறினாரா என்று அவர் யோசிக்கத் தொடங்கினால் இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல. அப்புறம், இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு இன்னும் தெரியாத விஷயத்தை யூனிபார்ம் ஊருக்கே சொல்லிவிடும். விமானிகள் உலகம் சிறியது. காத்திருப்பு அறையில் உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவரின் நண்பர் உட்கார்ந்திருக்கலாம். தோள்பட்டைக் கோடுகளும் ஒரு தொல்லை. கேப்டனுக்குரிய நான்கு கோடுகளோடு போய், ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) இடத்துக்கு விண்ணப்பித்திருப்பவரைப் பார்த்தால், ‘இவர் இறங்கி வந்து வலது இருக்கையில் உட்கார மனம் ஒப்புவாரா’ என்ற கேள்வியை நீங்களே எழுப்பிவிட்டதாகும்.

பயிற்சிப் பள்ளி முடித்து வரும் இளம் விமானிகளுக்கும் இதே பதில்தான், கொஞ்சம் மென்மையாக. பள்ளிச் சட்டையின் தோளில் மாட்டும் பட்டைகள் பள்ளிக்குள் அர்த்தமுள்ளவை. வெளியே, இன்னும் பயணிகளை ஏற்றிப் பறக்காதவரின் தோளில் அவை ஒட்டாது. அதே மாதிரி வெள்ளைச் சட்டையைத்தான் போடுவதென்றால் தோளில் உள்ள பட்டைகளைக் கழற்றிவிட்டு, பள்ளிச் சின்னம் இல்லாத சட்டையாகப் பார்த்து, மேலே கோட் போட்டுக்கொள்ளுங்கள்.

ராணுவத்திலிருந்து வருகிறவர்களும் சிவில் சூட்டில் வருவதே முறை. பதக்கங்களும் பட்டங்களும் தன்விவரக் குறிப்பில் இருக்கட்டும். அவற்றை எப்போது அணியலாம் என்பதற்கு ராணுவத்துக்கே தனி விதிகள் உண்டு. சீராக உடுத்தும் பழக்கம், பாலிஷ் போட்ட ஷூ, நிமிர்ந்த நடை ஆகியவற்றில் அவர்கள் பின்னணி தானாகவே தெரிந்துவிடும்.

விதிவிலக்குகளுக்கு வருவோம். ஒன்று, அழைப்பிலேயே யூனிபார்மில் வரச் சொல்லியிருந்தால். விமானிப் பள்ளிக்கே வந்து ஆள் எடுக்கும்போது மாணவர்கள் பள்ளி யூனிபார்மில் வருவது உண்டு. இரண்டு, அதே நிறுவனத்துக்குள் கேப்டன் பதவி உயர்வுக்கோ, பயிற்றுநர் பொறுப்புக்கோ நடக்கும் நேர்காணல். அங்கே யூனிபார்ம் இயல்பானது, குறிப்பாகப் பணி முடித்து நேராக வருகிறவர்களுக்கு. ஆனால் அங்கேயும் முதல் நாள் இரவெல்லாம் பறந்து கசங்கிய சட்டையோடு போகாதீர்கள். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான், இருந்தாலும் அன்று அவர்கள் தேர்வாளர்கள்.

கோட் காலரின் மடிப்பில் சிறிய இறக்கை பேட்ஜ் குத்திக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். தொழில் சங்கத்தின் சிறிய ஊசி என்றால் தவறில்லை. நிறுவனத்தின் இறக்கை என்றால் வேண்டாம்.

## பேண்ட் சூட்டா, ஸ்கர்ட் சூட்டா?

பெண் விமானிகளுக்கு மேலே சொன்ன நிறமும் துணியும் அளவும் அப்படியே பொருந்தும். தொழில் மதிப்பில் பேண்ட் சூட்டுக்கும் ஸ்கர்ட் சூட்டுக்கும் ஏற்றத்தாழ்வு கிடையாது. எது உங்களுக்கு இயல்போ அது. ஆனால் அன்றைக்குச் சிமுலேட்டர் இருக்க வாய்ப்பு இருந்தால் பேண்ட் சூட்தான், யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலான பயணிகள் விமானங்களின் விமானி இருக்கையில் ஐந்து முனை பெல்ட் இருக்கும். இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, ஐந்தாவது பட்டை தொடைகளுக்கு நடுவிலிருந்து மேலே வந்து மாட்டும். ஸ்கர்ட்டில் அதைச் சரியாக மாட்ட முடியாது.

ஷூவும் அப்படியே. தாழ்வான, அகலமான குதிகால் உள்ளதோ தட்டையானதோ நல்லது. சிமுலேட்டருக்குப் போகும் படிகளும் நடைபாலமும் பல இடங்களில் ஓட்டைகள் உள்ள இரும்புத் தகட்டால் ஆனவை. மெல்லிய குதிகால் அதில் சிக்கிக்கொள்ளும். தலைமுடி ஹெட்செட் மாட்டத் தோதாக இருக்க வேண்டும். உச்சியில் உயரமான கொண்டை போட்டால் ஹெட்செட் பட்டை உட்காராது, கழுத்துக்கு மேலே தாழ்வாகக் கட்டினால் உட்காரும். உள்ளே அணியும் பிளவுஸ் அல்லது சட்டை முன்னால் குனிந்து ஆவணம் நீட்டும்போதும் தொல்லை தராததாக இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | அடர்நிற சூட் | பிளேசர் | சட்டையும் டையும் | யூனிபார்ம் |
|---|---|---|---|---|
| குழுவின் பார்வையில் | குறை சொல்ல இடமில்லை | சேர்க்கையைப் பொறுத்தது | வெப்பமான இடங்களில் ஏற்பு | அழைப்பு சொன்னால் மட்டும் |
| நாள் முழுக்க | கம்பளி என்றால் தாங்கும் | தாங்கும் | மதியத்துக்குள் கசங்கும் | தாங்கும் |
| எடுத்துப்போவது | கவனம் தேவை | ஓரளவு எளிது | மிக எளிது | ஓரளவு எளிது |
| மறைமுகச் செலவு | அளவு திருத்தம், சலவை, தைக்கும் நாட்கள் | பொருந்தும் பேண்ட், பொத்தான் மாற்றுவது | மாற்றுச் சட்டை, நல்ல துணி | பணத்தில் இல்லை, பெயரில் |
| மேலாக அமைவது | பெரிய நிறுவனம், இறுதிச் சுற்று | சிறு நிறுவனம், முகாம் சந்திப்பு | கோட் வேண்டாம் என்று சொன்ன இடம் | உள் பதவி உயர்வு, பள்ளியில் ஆள் எடுப்பு |

## சிமுலேட்டர் நாள் தனிக் கணக்கு

சிமுலேட்டர் தேர்வு தனி நாளில் இருந்தால் அதற்கு என்ன உடை என்று அழைப்பில் பாருங்கள். பல நிறுவனங்கள் சூட் கேட்காது; சுத்தமான சட்டையும் பேண்ட்டும் போதும் என்று சொல்லும். ஒரே நாளில் இரண்டும் என்றால் சூட்டில் போய், உள்ளே நுழையும்போது கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகலாம். அதனால்தான் சட்டை மட்டும் தனியாகப் பார்த்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். சட்டைப் பையில் பேனா தவிர எதுவும் வேண்டாம். குனியும்போது கீழே விழுந்த நாணயமோ சாவியோ பெடல் பக்கம் உருண்டுபோனால் தேர்வு அங்கேயே நின்றுவிடும்.

டையை அங்கே எப்படி வைத்துக்கொள்வது என்பது விமானத்தைப் பொறுத்தது. ஏர்பஸ் ஏ320இல் கட்டுப்பாட்டுக் குச்சி பக்கவாட்டில் இருப்பதால் முன்னால் ஒன்றும் குறுக்கிடாது. போயிங் 737இல் கட்டுப்பாட்டுச் சக்கரம் தொடைகளுக்கு நடுவே நிற்கும், இழுக்கும்போது வயிற்றுப் பக்கம் வரும். நீளமான டை அதில் உரசும். டையைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம், அல்லது ஒரு கிளிப் போதும். தேர்வாளரிடம் கேட்டுவிட்டுக் கழற்றினாலும் ஒன்றும் ஆகாது.

ஷூவின் அடிப்பாகம் இங்கே முக்கியம். புறப்படும்போது வி1 வேகத்தை, அதாவது இனி நிறுத்தாமல் பறந்தே ஆக வேண்டும் என்ற வேகத்தை, தாண்டியதும் தேர்வாளர் ஒரு இன்ஜினைச் செயலிழக்கச் செய்வது வழக்கமான சோதனை. அப்போது விமானம் ஒரு பக்கம் திரும்பிவிடாமலிருக்க ஒரு காலால் ரடர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதுவும் எவ்வளவு என்று பாதத்தில் உணர்ந்து பிடிக்க வேண்டும். தடித்த ரப்பர் அடியில் அந்த உணர்வு குறையும். வழவழப்பான புதுத் தோல் அடி பெடலில் வழுக்கும். மெல்லிய, பிடிப்பான அடி உள்ள, கயிறு கட்டும் கருப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ நேர்காணல், சிமுலேட்டர் இரண்டு வேலைக்கும் ஆகும்.

## ஷூ, தாடி, கைக்கடிகாரம், வாசனை

பழைய நல்ல ஷூ இருக்கிறது என்று அலமாரியிலிருந்து எடுத்து நேராகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பாலியூரித்தேன் அடி உள்ள ஷூக்கள் பயன்படுத்தாமல் சில ஆண்டுகள் வைத்திருந்தால் காற்றின் ஈரப்பதத்தில் உள்ளுக்குள்ளே சிதைந்துபோகும். பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். போட்டு நடந்த பத்தாவது நிமிடத்தில் அடி துண்டுதுண்டாக உதிரும். புது ஷூவும் ஆபத்துதான். ஒரு வாரமாவது வீட்டில் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத்தில், சாக்ஸ் கால் மேல் கால் போட்டாலும் தோல் தெரியாத நீளத்தில் இருக்கட்டும்.

தாடியைப் பற்றிய பழைய வாதம், ஆக்ஸிஜன் முகமூடி முகத்தோடு ஒட்டி உட்காராது என்பது. ஏர் கனடா 2018இல், சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைக்குப் பிறகு, தன் விமானிகளுக்குக் குறுந்தாடியை அனுமதித்தது. மற்ற நிறுவனங்களில் விதி வேறுவேறு. நீங்கள் போகும் நிறுவனத்தின் விமானிகள் பொது நிகழ்ச்சிப் படங்களில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வைத்திருந்தால் ஓரங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்க வேண்டும், முந்தின நாள் மழிக்க மறந்ததுபோல் தெரியக் கூடாது. மதநம்பிக்கை காரணமாகத் தாடியோ தலைப்பாகையோ தலைத்துணியோ வைத்திருப்பவர்கள் அவற்றை மறைக்கவோ மாற்றவோ வேண்டாம். உடையின் நிறத்தோடு ஒத்துப்போகும் அடக்கமான துணியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், நேரம் பார்க்க போனை எடுப்பது நன்றாக இருக்காது. சட்டைக் கைக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய விமானிக் கடிகாரம் வேண்டாம். வாசனைத் திரவியத்தை அன்று விட்டுவிடுங்கள். சிமுலேட்டர் சிறிய மூடிய அறை, மூன்று நான்கு பேர் மணிக்கணக்கில் அடைந்து கிடக்கும் இடம்.

## வீடியோ நேர்காணல்

முதல் சுற்று கேமரா முன்னால் என்றால் சூட்டுக்கும் பிளேசருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது, இருப்பதைப் போடலாம். நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் உள்ள சட்டை, டை ஆகியவை திரையில் அலைபாய்வதுபோல் தெரியும், வெற்று நிறமே நல்லது. பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் கோட் போட்டால்தான் உருவம் தனித்துத் தெரியும். பேண்ட்டும் முறையாகவே இருக்கட்டும், நடுவில் எழுந்து ஆவணம் எடுக்கச் சொல்லலாம்.

## எடுத்துப்போகும் வழி

எந்த உடையைத் தேர்ந்தாலும் அதைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்பது விமானிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூட், ஒரு சட்டை, டை, ஷூ, எல்லா ஆவணங்களும் கையில் எடுத்துப்போகும் பையில் இருக்க வேண்டும். கோட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஒரு தோளை இன்னொரு தோளுக்குள் செருகி, நீளவாக்கில் மடித்தால் சுருக்கம் வெளிப்பக்கம் விழாது. சேர்ந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துத் தொங்கவிடுங்கள். விமான நிறுவன ஊழியர்களுக்கான சலுகை டிக்கெட்டில், இடம் கிடைத்தால்தான் ஏற முடியும் என்ற நிலையில் வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே புறப்பட வேண்டும். அந்தக் கூடுதல் இரவின் செலவையும் மொத்தக் கணக்கில் சேருங்கள். எல்லா உடைக்கும் பொதுவான மறைமுகச் செலவு அது.

அத்தனையும் செய்த பிறகும் காபி கொட்டலாம், பொத்தான் அறுந்து விழலாம், விமானம் தாமதமாகி வந்த உடையிலேயே நேராகப் போக நேரலாம். அப்படி ஆனால் வரவேற்பில் இருப்பவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், நேர்காணல் அறையிலும் உட்கார்ந்தவுடன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு முதல் கேள்விக்குப் போய்விடுங்கள். எதிரே இருப்பவர்கள் விமான நிறுவனத்துக்காரர்கள். தாமதமும் தொலைந்த பெட்டியும் அவர்கள் தினமும் பார்ப்பவைதான்.